நாட்டியத்துக்குப் பள்ளிக்கூடம் கட்டிய பெண்

அந்தக் காலத்தில் நல்ல குடும்பத்துப் பெண் பாட்டுக் கற்றுக்கொள்ளலாம். வீணை கற்றுக்கொள்ளலாம். ஆனால் காலில் சலங்கை மட்டும் கட்டக்கூடாது. கட்டினால் கல்யாணம் நடக்காது. குடும்பத்துக்கே கெட்ட பெயர்.

இன்று தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் மாலை நேரத்தில் தெருவில் நடந்து பாருங்கள். ஏதாவது ஒரு வீட்டு மாடியிலிருந்து தட்டுக்கழிச் சத்தம் கேட்கும். வகுப்பு முடிந்து வரும் மகளை அழைத்துப் போக அப்பா வாசலில் ஸ்கூட்டரோடு காத்து நிற்பார்.

இந்த மாறுதலுக்குப் பலர் பாடுபட்டார்கள். அவர்களில் முன்னால் நின்றவர் ஒரு பெண். ஊர் ஏசியபோதும் பின்வாங்காதவர். அவர்தான் ருக்மிணி தேவி அருண்டேல்.

ஊரைக் கலக்கிய கல்யாணம்

ருக்மிணி மதுரையில் பிறந்தார். பிறந்த நாள் 1904 பிப்ரவரி 29. நான்கு ஆண்டுக்கு ஒரு முறைதான் பிறந்த நாள் வரும்!

தந்தை நீலகண்ட சாஸ்திரி, அரசாங்கப் பொறியாளர். வேதமும் படித்தவர், ஆங்கிலமும் படித்தவர். அன்னி பெசன்ட் அம்மையாரின் பிரம்மஞான சபையில் சேர்ந்தார். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றதும் குடும்பத்தோடு அடையாறுக்கு வந்துவிட்டார். அப்போது அடையாறு பட்டணத்துக்கு வெளியே இருந்தது. ஆறும் கடலும் தோப்பும் சூழ்ந்த இடம். அங்கே சபைக்கு வெளிநாட்டார் பலர் வந்து போவார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் ஜார்ஜ் அருண்டேல். ஆங்கிலேயர். காசியில் கல்லூரித் தலைவராக இருந்தவர். அவரை ருக்மிணி மணந்துகொள்ள விரும்பினார். பெண்ணுக்கு வயது 16. மாப்பிள்ளைக்கு 40-க்கு மேல்!

சென்னையே கொந்தளித்தது. பிராமணப் பெண் வெள்ளைக்காரரை மணப்பதா என்று பத்திரிகைகள் கண்டித்தன. உறவினர்கள் முகம் திருப்பிக்கொண்டார்கள். எதிர்ப்புக்கு நடுவே 1920-ல் பம்பாயில் கல்யாணம் நடந்தது. வயது வித்தியாசத்தைப் பார்த்தால் இன்றைக்கும் புருவம் உயரத்தான் செய்யும். ஆனாலும் ஊர்ப் பேச்சைத் தாங்குகிற பழக்கம் ருக்மிணிக்கு அந்த வயதிலேயே வந்துவிட்டது. பின்னால் அது அவருக்கு நிறையத் தேவைப்பட்டது.

கப்பலில் கிடைத்த சிநேகம்

கணவரோடு ருக்மிணி உலகம் சுற்றினார். 1924-ல் லண்டனில் ருஷ்ய நாட்டு நாட்டியக்காரி அன்னா பாவ்லோவாவின் ஆட்டத்தைப் பார்த்தார். மெய்மறந்து போனார்.

நான்கு ஆண்டுகள் கழிந்தன. 1928-ல் அருண்டேல் தம்பதிகள் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். அதே கப்பலில் பாவ்லோவா! இருவரும் சிநேகிதிகள் ஆனார்கள். பாவ்லோவாவின் குழுவில் இருந்த கிளியோ நோர்டி, ருக்மிணிக்கு மேல்நாட்டு பாலே நடனம் கற்றுக் கொடுத்தார். பாவ்லோவா சொன்ன யோசனை ஒன்றுதான். உன் நாட்டுக் கலையைத் தேடிப் போ என்பதே அது.

தேடிப் போனால், அந்தக் கலை சாகக் கிடந்தது.

சதிர் பட்ட பாடு

இன்று பரதநாட்டியம் என்கிறோமே, அதற்கு அன்று சதிர் என்று பெயர். கோயில்களிலும் செல்வர் வீட்டுக் கல்யாணங்களிலும் தேவதாசிப் பெண்கள் ஆடினார்கள். தலைமுறை தலைமுறையாக அந்தக் குடும்பங்கள்தான் கலையைக் காப்பாற்றி வந்தன. ஆனால் அந்தப் பெண்களின் வாழ்க்கையோ பரிதாபமானது. சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடுவதை எதிர்த்து டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போராடினார். அவருடைய போராட்டம் நியாயமானது. 1947-ல் அதைத் தடுக்கச் சென்னை மாகாணத்தில் சட்டமே வந்தது.

பொட்டுக் கட்டுவதோடு சேர்த்து ஆட்டமும் ஒழியட்டும் என்றார்கள் பலர். வக்கீல் ஈ.கிருஷ்ணையர் அதை ஒப்பவில்லை. தாமே பெண் வேடம் கட்டி மேடையேறி ஆடிக் காட்டிய மனிதர் அவர்! 1933-ல் சென்னை மியூசிக் அகாடமியில் பந்தநல்லூர்ச் சகோதரிகளின் ஆட்டம் நடந்தது. கிருஷ்ணையர் அழைத்ததன் பேரில் ருக்மிணி போய்ப் பார்த்தார். உலகமெல்லாம் சுற்றியும் காணாத அழகைத் தம் ஊரிலேயே கண்டார்.

பார்த்ததோடு நிற்கவில்லை. தாமே ஆடுவது என்று தீர்மானித்தார். அப்போது அவருக்கு வயது 29.

மயிலாப்பூர் கௌரி அம்மாளிடம் பாடம் தொடங்கியது. கபாலீசுவரர் கோயிலில் ஆடிய பரம்பரையைச் சேர்ந்தவர் அந்த அம்மாள். முகத்திலும் கண்ணிலும் உணர்ச்சியைக் காட்டும் அபிநயத்தில் அவருக்கு ஈடில்லை. பிறகு பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை குருவானார். ஆட்டம் கற்பிக்கும் நட்டுவனார்களில் அவர் சிகரம். பரம்பரையில் வராத பெண்ணுக்குச் சொல்லித் தர முதலில் தயங்கினார். ருக்மிணியின் உழைப்பு அந்தத் தயக்கத்தைக் கரைத்தது.

1935 டிசம்பரில் அடையாறில் பிரம்மஞான சபையின் வைர விழா. அங்கே ருக்மிணி ஆடினார். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் உண்டு, குறை சொல்லவே வந்தவர்களும் உண்டு. ஆட்டம் முடிந்தபோது பலருடைய எண்ணம் மாறியிருந்தது.

மேடையையும் அவர் மாற்றியிருந்தார். முன்பெல்லாம் வாத்தியக்காரர்கள் ஆடுபவளின் பின்னாலேயே நின்று வாசிப்பார்கள். அவர்களை மேடையின் பக்கத்தில் உட்கார வைத்தார். கோயில் சிற்பங்களைப் பார்த்து உடையும் நகையும் அமைத்தார். நடராஜர் சிலை மேடையில் இடம் பெற்றது.

என்ன படிப்பு?

1936 ஜனவரி 6-ந் தேதி அடையாறில் பள்ளி தொடங்கியது. ஒரு மரம், ஒரு மாணவி என்ற அளவில் ஆரம்பமானதாகச் சொல்வார்கள். அந்த முதல் மாணவி ருக்மிணியின் அண்ணன் மகள் ராதா. பள்ளிக்குக் கலாக்ஷேத்திரம் என்ற பெயர் பிறகு வந்தது.

அடுத்த ஆண்டில், 1937-ல், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி பட்டணத்திலிருந்து தாம்பரத்துக் காட்டுக்குக் குடிபெயர்ந்தது. புகழ்பெற்ற கல்லூரி. அங்கே ஷேக்ஸ்பியர் நாடகத்தைப் புத்தகத்தில் படிக்கலாம், பரீட்சை எழுதலாம். ஆனால் ஆடலையும் நடிப்பையுமே முழுநேரப் பாடமாகப் படிக்க அந்த நாளில் எந்தக் கல்லூரிக்குப் போவது? சென்னையில் அப்படி ஓர் இடம் கிடைப்பது அரிது. அந்தக் குறையைத்தான் அடையாறுப் பள்ளி தீர்த்தது.

படிப்பு சுலபமல்ல. முதலில் அரைமண்டி. முழங்காலை இரு பக்கமும் மடக்கி, முதுகை வளைக்காமல் நிற்க வேண்டும். தொடை நடுங்கும். அப்படி நின்றபடியே தட்டடவு, நாட்டடவு என்று ஒவ்வோர் அடவாகப் பழக வேண்டும். எழுத்துக் கற்பவருக்கு அ, ஆ எப்படியோ, ஆடக் கற்பவருக்கு அடவு அப்படி. மூன்று வேகத்திலும் கால் பிசகாமல் வந்த பிறகுதான் பெரிய உருப்படிகள்.

ஆட்டம் மட்டும் போதாது. பாடவும் தெரிய வேண்டும். தாளம் போடத் தெரிய வேண்டும். பாட்டின் பொருள் புரிய மொழிப்பாடம். முன்பு தனித்தனி வீடுகளில் நடந்த பாடம், மணி அடித்துத் தொடங்கும் வகுப்பாக மாறியது. படிப்பு முடிந்தால் கையில் டிப்ளமோ.

ஆசிரியர்கள் யார்? டைகர் வரதாச்சாரியார், பாபநாசம் சிவன், வீணைக்குக் காரைக்குடி சாம்பசிவ ஐயர்! இப்படிப்பட்ட மேதைகளைக் கூரைக் கொட்டகைக்கு வரவழைத்தது ருக்மிணியின் சாமர்த்தியம்.

ஒரு சமயம் பெரிய சோதனை வந்தது. நட்டுவனார் சொக்கலிங்கம் பிள்ளை பள்ளியை விட்டுப் போய்விட்டார். ஒரு மாணவியின் அரங்கேற்றம் நெருங்கிவிட்டது. நட்டுவாங்கம் என்பது தாளத்தைத் தட்டி, சொற்கட்டுச் சொல்லி, ஆட்டத்தை நடத்தும் வேலை. அது ஆண்களின் கையில், அதுவும் பரம்பரைக் குடும்பத்தார் கையில் இருந்தது. ருக்மிணி தாமே தாளத்தைக் கையில் எடுத்தார். அரங்கேற்றம் நின்றுபோகவில்லை.

நாடகமும் சேர்ந்தது

தனியாக ஆடும் ஆட்டத்தோடு ருக்மிணி நிற்கவில்லை. 1944-ல் குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக மேடையேற்றினார். பிறகு வால்மீகி ராமாயணத்தை ஆறு நாடகங்களாக்கினார். முதல் நாடகம் சீதா சுயம்வரம், 1955-ல். கடைசி நாடகமான மகா பட்டாபிஷேகம் 1970-ல். பதினைந்து ஆண்டு உழைப்பு!

இதற்கு இசையமைக்கத் தொடங்கியவர் மைசூர் வாசுதேவாச்சாரியார். அப்போதே அவருக்கு வயது 90-ஐ எட்டிக்கொண்டிருந்தது. பேரப்பிள்ளைகளோடு ஓய்வெடுக்க வேண்டிய வயதில் சென்னைக்கு வந்து ராமாயணத்துக்கு ராகம் போட்டார் அந்தப் பெரியவர். 1961-ல் அவர் காலமானதும் பேரன் ராஜாராம் வேலையைத் தொடர்ந்தார்.

நடிப்பைச் சொல்லித் தரக் கேரளத்திலிருந்து கதகளி ஆசான்கள் அம்பு பணிக்கரும் சந்து பணிக்கரும் வந்தார்கள். பையன்களும் சேர்ந்தார்கள். பையனூரிலிருந்து 1953-ல் சிறுவனாக வந்த வி.பி.தனஞ்செயன் பின்னர் நாடறிந்த கலைஞரானார். யாமினி கிருஷ்ணமூர்த்தியும் இங்கே படித்தவர்தான். நாடகத்துக்கு வேண்டிய பட்டுத்துணிகூடப் பள்ளியின் சொந்தத் தறியில் நெய்யப்பட்டது.

மறுபக்கம்

எல்லோரும் ருக்மிணியைப் புகழவில்லை. தேவதாசி மரபில் வந்த மேதை பாலசரஸ்வதி எதிர்த்துப் பேசினார். பதங்களில் உள்ள சிருங்காரம், அதாவது காதல் சுவை, ஆட்டத்தின் உயிர் என்பது அவர் கட்சி. அதைக் குறைத்துப் பக்தியை மட்டும் தூக்கி நிறுத்துவது சரியல்ல என்றார்.

இதில் நியாயம் இருக்கிறது. புதுப் பள்ளிகளில் பெரிய குடும்பத்துப் பெண்கள் ஆடத் தொடங்கினார்கள். கலையைக் காத்துவந்த வீடுகளிலோ சலங்கை ஓசை ஓய்ந்தது. அந்தப் பெண்கள் மேடையை இழந்தார்கள், புகழும் போயிற்று. பொட்டுக் கட்டும் கொடுமை ஒழிந்தது நல்லதே. ஆனால் ஆடத் தெரிந்தவர்களுக்கு வேறு வழி காட்ட ஊரார் மறந்தார்கள். கௌரி அம்மாளைப் போலச் சிலருக்கே ஆசிரியர் வேலை கிடைத்தது.

திருவான்மியூர் மணலில்

1945-ல் அருண்டேல் காலமானார். அதன் பின் சபையின் இடத்தில் பள்ளி நீடிக்க முடியவில்லை. தெற்கே திருவான்மியூரில் கடலோரம் சுமார் 100 ஏக்கர் நிலம் கிடைத்தது. வெறும் மணல்! அங்கே மரம் நட்டார்கள், குடில் கட்டினார்கள். கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாறி, 1960-களின் தொடக்கத்தில் பள்ளி முழுமையாக அங்கே வந்து சேர்ந்தது.

இதற்கு நடுவே 1952-ல் ருக்மிணி ராஜ்ய சபைக்கு நியமிக்கப்பட்டார். அங்கே வாயில்லாப் பிராணிகளுக்காக வாதாடினார். அவர் கொண்டுவந்த மசோதாவின் பலனாக 1960-ல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. 1977-ல் பிரதமர் மொரார்ஜி தேசாய் ஜனாதிபதி பதவிக்கே அவர் பெயரைச் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டார். டில்லி மாளிகையைவிடத் திருவான்மியூர் மணல் அவருக்குப் பெரிது.

கேரளக் கோயில்களின் கூத்தம்பலத்தைப் போல ஓர் அரங்கம் கட்ட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அது 1985-ல் எழுந்து நின்றது. அடுத்த ஆண்டு, 1986 பிப்ரவரி 24-ந் தேதி, ருக்மிணி தேவி காலமானார்.

1993-ல் பாராளுமன்றம் தனிச் சட்டம் இயற்றிக் கலாக்ஷேத்திரத்தை நாட்டின் முக்கியக் கல்வி நிலையங்களில் ஒன்றாக்கியது. இலங்கையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும்கூடப் பிள்ளைகள் வந்து படிக்கிறார்கள். மார்கழிக் கலைவிழாவில் அந்த ராமாயண நாடகங்கள் மேடையேறுகின்றன. இன்று சீதையாக ஆடும் ஆசிரியை, ஒரு காலத்தில் அங்கே அரைமண்டியில் கால் நடுங்க நின்ற மாணவியாக இருப்பார்.