வரி கட்டுவோர் யார்? அம்பேத்கரின் வாழ்க்கை சொல்லும் கணக்கு

நலத்திட்டம் ஒன்று அறிவிக்கப்படும்போதெல்லாம் ஒரு முணுமுணுப்பு தவறாமல் எழுகிறது. உழைத்துச் சம்பாதிப்பவர்கள் கட்டும் வரிப்பணத்தை யாருக்கோ இலவசமாக வாரி இறைக்கிறார்கள் என்பதே அது. தொலைக்காட்சி விவாதங்களிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் கல்லூரி வகுப்பறைகளிலும் இதை நாம் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். கல்வி உதவித்தொகை பெறும் தலித் மாணவர் பல வேளைகளில் பதில் சொல்லத் தெரியாமல் தலைகுனிந்து நிற்கிறார். வருமானவரி கட்டுபவர் மட்டுமே வரி செலுத்துபவர், மற்றவரெல்லாம் அவர் தயவில் வாழ்பவர் என்ற நம்பிக்கை நம் சமூகத்தில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது.

இந்த நம்பிக்கையை ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பே கணக்குப் போட்டு உடைத்தவர் அண்ணல் அம்பேத்கர். அரசியல் சட்டத்தின் சிற்பியாகவும் சாதி ஒழிப்புப் போராளியாகவும் பௌத்தம் தழுவியவராகவும் நாம் அவரை அறிவோம். அவர் முறையாகப் பயின்ற துறையோ பொது நிதி. வரியை யாரிடம் வாங்குகிறார்கள், யாருக்குச் செலவிடுகிறார்கள், அதை முடிவுசெய்யும் இடத்தில் யார் அமர்ந்திருக்கிறார்கள் என்ற மூன்று கேள்விகள் அவருடைய வாழ்க்கை நெடுகிலும் தொடர்ந்து வருகின்றன. அந்த வழியில் அவர் வாழ்வை ஒருமுறை திரும்பிப் பார்ப்போம்.

பொதுப் பணத்தில் படித்தவர்

1891 ஏப்ரல் 14 அன்று மாவ் படைமுகாமில் பிறந்தவர் பீமராவ். தந்தை ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதார். எல்ஃபின்ஸ்டன் கல்லூரியில் 1912இல் பட்டம் பெற்ற அவருக்கு, பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அளித்த உதவித்தொகை 1913இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்திற்கு வழி திறந்தது. படித்து முடித்ததும் பரோடா அரசில் பத்தாண்டுகள் பணியாற்ற வேண்டும் என்பது நிபந்தனை. ஓர் அரசு தன் நிதியை ஒரு மகர் இளைஞரின் கல்விக்குச் செலவிட்டதால் நாட்டுக்கு என்ன கிடைத்தது என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

கொலம்பியாவில் அவருக்குக் கிடைத்த ஆசிரியர்களுள் முதன்மையானவர் எட்வின் செலிக்மன். வருமானம் கூடக்கூட வரிவீதமும் கூடவேண்டுமா என்ற கேள்வியை விரிவாக ஆராய்ந்த அறிஞர் அவர். அவரிடம் பயின்ற அம்பேத்கர், கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகமும் நிதியும் குறித்து 1915இல் முதுகலை ஆய்வேட்டை எழுதினார். அடுத்து, பிரிட்டிஷ் இந்தியாவில் மாகாண நிதி எவ்வாறு உருவானது என்பதை முனைவர் பட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். அந்த ஆய்வு செலிக்மனின் முன்னுரையுடன் 1925இல் லண்டனில் நூலாக வெளிவந்தது. 1833 முதல் 1921 வரையில் மைய அரசும் மாகாணங்களும் வருவாயைப் பங்கிட்டுக்கொண்ட வரலாறு அது. நிலவரி வேளாண்மையை எப்படி நசுக்கியது, சுங்கவரிகள் உள்நாட்டுத் தொழிலை எப்படி முடக்கின என்பதையும் அந்நூல் காட்டுகிறது. வரிப்பகிர்வில் ஒன்றிய அரசோடு மாநிலங்கள் மல்லுக்கட்டும் இந்நாளிலும் அது பழையதாகிவிடவில்லை.

உதவித்தொகைக் காலம் முடிந்ததால் லண்டன் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு 1917இல் நாடு திரும்பினார். பரோடா அரசுப் பணியில் சேர்ந்தவருக்கு அந்நகரில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. சாதியை மறைத்துப் பார்சி விடுதி ஒன்றில் தங்கினார். உண்மை தெரிந்ததும் தடிகளோடு வந்தவர்கள் அவரை வெளியேற்றினர். ஓர் அரசின் கருவூலம் கடல்கடந்து படிக்கவைத்த மனிதருக்கு அந்த அரசின் தலைநகரில் படுக்க இடமில்லை. பணம் ஒதுக்கினால் மட்டும் சமத்துவம் வந்துவிடாது என்பதை அவர் தம் உடலாலேயே கற்றுக்கொண்ட நாட்கள் அவை.

1927: மூன்று வாரங்கள்

1919இல் வாக்குரிமை குறித்து ஆராய்ந்த சவுத்பரோ குழுவின் முன் அம்பேத்கர் சாட்சியமளித்தார். நிலவரி, வருமானவரி, வீட்டு வாடகை போன்ற அளவுகோல்களைக் கொண்டே அக்காலத்தில் வாக்குரிமை வழங்கப்பட்டது. சொத்து வைத்துக்கொள்ளவே விடப்படாத மக்களைச் சொத்தில்லை என்று காரணம் காட்டி வாக்குச்சாவடிக்கு வெளியே நிறுத்துவதன் அநீதியை அவர் அங்கே எடுத்துக்காட்டினார். பின்னர் 1928இல் சைமன் குழுவின் முன் வயதுவந்த அனைவருக்கும் வாக்குரிமை கோரினார். வரி கட்டுபவனுக்கே நாடு சொந்தம் என்னும் இன்றைய வாதத்தின் மூதாதையை அன்றே எதிர்த்து நின்றவர் அவர்.

லண்டனில் படிப்பை நிறைவுசெய்து திரும்பியிருந்த அவர், பம்பாய் சட்டமன்றத்திற்கு நியமன உறுப்பினராகி 1927இல் அவைக்குள் நுழைந்தார். பிப்ரவரி 24 அன்று நிதிநிலை அறிக்கை மீது பேசியபோது நிலவரியின் அடிப்படையையே கேள்விக்குள்ளாக்கினார். வருமானவரியில் குறிப்பிட்ட வரம்புக்குக் கீழே ஈட்டுபவருக்கு விலக்கு உண்டு. வருமானமே இல்லாத ஆண்டில் வரியும் இல்லை. நிலவரியிலோ ஒரு ஏக்கர் வைத்திருப்பவரும் நூறு ஏக்கர் வைத்திருப்பவரும் ஒரே வீதத்தில் கட்டவேண்டும். விளைச்சல் பொய்த்தாலும் ஏழை உழவன் தப்ப முடியாது. நகரத்தில் வருமானம் ஈட்டுபவருக்குக் காட்டப்படும் கருணை கிராமத்து ஏழைக்கு ஏன் மறுக்கப்படுகிறது என்பதே அவர் வாதத்தின் சாரம்.

மார்ச் 12 அன்று கல்வி மானியத்தின் மீது பேசினார். மாகாண அரசு தலைக்கு 14 அணாவைக் கல்விக்குச் செலவிடுகிறது. அதே தலைக்கு 2 ரூபாய்க்கு மேல் மது முதலியவற்றின் மீதான கலால் வருவாயாகத் திரும்ப எடுத்துக்கொள்கிறது என்று கணக்குக் காட்டினார். மக்களிடம் எடுப்பதற்கு ஈடாகவாவது அவர்களுடைய கல்விக்குக் கொடுங்கள் என்று கேட்டார். டாஸ்மாக் வருவாயையும் அரசுப் பள்ளிக் கட்டடங்களையும் ஒருசேரப் பார்க்கும் தமிழ் வாசகருக்கு இந்தக் கணக்கு அந்நியமானதாக இராது.

அடுத்த வாரமே, மார்ச் 20 அன்று, மகாடில் சவுதார் குளத்துத் தண்ணீரை ஆயிரக்கணக்கானோருடன் சென்று அருந்தினார். இதையும் நாம் பொது நிதியின் வரலாற்றோடு சேர்த்தே படிக்கவேண்டும். பொதுப் பணத்தில் கட்டப்பட்டுப் பராமரிக்கப்படும் நீர்நிலைகளையும் சத்திரங்களையும் பள்ளிகளையும் தீண்டத்தகாதோர் பயன்படுத்தலாம் என்று எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானத்தைப் பம்பாய் சட்டமன்றம் 1923இல் நிறைவேற்றியிருந்தது. மகாட் நகராட்சியும் குளத்தைத் திறந்துவிட்டதாக 1924இல் முடிவுசெய்தது. தாளில் இருந்த அந்த உரிமையை மக்கள் கைகளால் அள்ளிக் குடித்தபோது தாக்கப்பட்டனர். குளம் தனியார் சொத்து என்று ஆதிக்கச் சாதியினர் வழக்காடினர். 1937இல் பம்பாய் உயர்நீதிமன்றம் அந்த வாதத்தை நிராகரித்தது. பொதுச் சொத்தைத் தங்கள் தனிச்சொத்தாகக் கருதும் மனநிலையும், அரசுக் கருவூலத்தைத் தங்கள் பணப்பெட்டியாகக் கருதும் மனநிலையும் ஒரே ஊற்றிலிருந்து வருபவை.

உழைப்பாகப் பறிக்கப்பட்ட வரி

பணமாகக் கட்டுவது மட்டும் வரியாகுமா? மகர் வதன் முறையை எதிர்த்து அம்பேத்கர் நடத்திய போராட்டம் இக்கேள்விக்கு விடை தருகிறது. பரம்பரை ஊர் ஊழியர்களான மகர்கள் அரசு ஆணையை எந்நேரத்தில் வந்தாலும் ஏற்கவேண்டும். கடிதம் சுமப்பது, அதிகாரிகளுக்குத் துணைபோவது, வசூலான வரிப்பணத்தைக் கருவூலத்திற்குக் கொண்டுசேர்ப்பது என எல்லாம் அவர்கள் வேலை. கூலியாகக் கிடைத்தவை துண்டு நிலமும் ஊரார் போடும் தானியமும். அந்த நிலத்திற்கும் அரசு ஒரு தொகையை வசூலித்தது. ஊரின் வரிப்பணத்தைத் தலையில் சுமந்தவர்களைத்தான் இந்தச் சமூகம் வரி கட்டாதவர்கள் என்று அழைத்தது.

ஊழியத்திலிருந்து விடுபட விரும்புவோர் நிலத்திற்கு முழு வரி கட்டி விடுதலை பெறவும், பணியில் தொடர்வோருக்கு முறையான ஊதியம் கிடைக்கவும் வழிசெய்யும் திருத்த மசோதாவை அவர் 1928இல் கொண்டுவந்தார். கடும் எதிர்ப்பால் அது நிறைவேறவில்லை. வதன் முறையை ஒழிக்கும் சட்டம் அவர் மறைவுக்குப் பின்னர் 1958இல்தான் வந்தது.

அதே 1928இல் ஆலைகளில் வேலைசெய்யும் பெண்களுக்கான மகப்பேற்றுச் சலுகை மசோதாவை ஆதரித்துப் பேசினார். தாயின் நலம் நாட்டின் நலம் என்பதால் சுமையின் பெரும்பகுதியை அரசு ஏற்கவேண்டும். அப்பெண்களின் உழைப்பால் இலாபம் பெறும் முதலாளியும் தம் பங்கைத் தரவேண்டும் என்று வாதிட்டார். தொழில் நொடித்துவிடும் என்ற அச்சுறுத்தல் அன்றும் இருந்தது. சட்டம் 1929இல் நிறைவேறியது.

கொங்கண் பகுதியில் அரசுக்கும் குத்தகை உழவருக்கும் இடையே நின்று வரி வசூலித்தவர்கள் கோத்துகள். அரசுக்குச் சேரவேண்டியதற்கு மேல் அவர்கள் உழவரிடமிருந்து கறந்தனர். கூலியில்லா வேலையும் வாங்கினர். 1936இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கிய அம்பேத்கர், கோத்தி முறையை ஒழிக்கும் மசோதாவை 1937 செப்டம்பரில் அறிமுகப்படுத்தினார். 1938 ஜனவரியில் பல்லாயிரம் உழவர்கள் பம்பாய் சட்டமன்றத்தை நோக்கி அணிவகுத்தனர். மகர்களும் குன்பிகளும் ஒன்றாக நடந்த அணிவகுப்பு அது. வரிச்சுரண்டலுக்கு எதிரான அரசியல் சாதி எல்லையைத் தாண்டி மக்களைத் திரட்ட வல்லது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அதிகாரத்தில் அமர்ந்தபோது

1942இல் வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். நலத்திட்டத்திற்குப் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு அவர் காலத்து நடைமுறை தெளிவான விடையைத் தந்தது. 1944இல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நல நிதி உருவானது. சுரங்கத்திலிருந்து வெளியேறும் நிலக்கரியின் மீது சிறப்புத் தீர்வை விதித்து, அதைத் தொழிலாளரின் வீட்டுக்கும் மருத்துவத்திற்கும் குடிநீருக்கும் கல்விக்கும் செலவிடும் ஏற்பாடு அது. செல்வம் எங்கே உருவாகிறதோ அங்கேயே வரியை எடு. அதை உருவாக்கியவருக்கே திருப்பிக் கொடு என்பது அதன் தருக்கம். பின்னாளில் இ.எஸ்.ஐ. என்று நாம் அறியும் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்திற்கான பணிகளும் அவர் பொறுப்பில்தான் நடந்தன. பட்டியலின மாணவர் உயர்கல்வி பெறுவதற்கான உதவித்தொகைத் திட்டமும் 1944இல் அவர் வலியுறுத்தலால் தொடங்கியது. இன்றைய போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையின் வேர் அதுவே.

1947இல் பட்டியல் சாதிகள் கூட்டமைப்பின் சார்பில் அரசியல் நிர்ணய சபைக்கென அவர் தயாரித்த அறிக்கை இன்னும் தொலைவு சென்றது. அடிப்படைத் தொழில்கள் அரசுடைமை. காப்பீடு அரசின் தனியுரிமை, வயதுவந்தோர் அனைவருக்கும் கட்டாயம். வேளாண்மை அரசுத் தொழில். நிலக்கிழாரும் குத்தகைக்காரரும் நிலமற்ற கூலியும் இல்லாத கிராமம். இவற்றைப் பெரும்பான்மையின் விருப்பத்திற்கு விட்டுவிடாமல் அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட வேண்டும் என்று அவர் விரும்பினார். அது நடக்கவில்லை. செல்வமும் உற்பத்திச் சாதனங்களும் ஓரிடத்தில் குவிவதைத் தடுக்கும் நோக்கம் 39ஆம் உறுப்பில் நெறிமுறையாக மட்டும் இடம்பெற்றது. அதனால்தான் 1949 நவம்பர் 25 அன்று, அரசியலில் சமத்துவமும் வாழ்க்கையில் ஏற்றத்தாழ்வுமாக நாம் ஒரு முரண்பாட்டுக்குள் நுழைகிறோம் என்று அவர் சபையை எச்சரித்தார்.

நாம் உடன்பட முடியாத ஓர் இடத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 1954இல் மாநிலங்களவையில் பேசியபோது, 1947இல் நீக்கப்பட்ட உப்பு வரியை மீண்டும் விதித்து, அத்தொகையைக் காந்தியின் பெயரிலான நிதியாக்கித் தீண்டத்தகாதோர் முன்னேற்றத்திற்குப் பயன்படுத்தலாம் என்று யோசனை கூறினார். செல்வரும் ஏழையும் ஏறத்தாழ ஒரே அளவு உப்பைத்தான் உண்கிறார்கள். ஆகவே அவ்வரி ஏழையின் வருமானத்தில் பெரிய பங்கைத் தின்னும். 1927இல் நிலவரியை அவர் அளந்த அதே கோலால் அளந்தால் இந்த யோசனை தேறாது. ஆயினும் அதற்குப் பின்னிருந்த சலிப்பு நமக்குப் புரிகிறது. பொதுக் கருவூலத்திலிருந்து தலித்துகளுக்கு உரியது தானாக வந்துசேரும் என்ற நம்பிக்கையை அவர் இழந்திருந்தார். வேறெதற்கும் திருப்பிவிட முடியாத தனி நிதி வேண்டும் என்பதே அவர் கோரிக்கையின் உட்பொருள். 1956 டிசம்பர் 6 அன்று அவர் மறைந்தபோதும் அக்கோரிக்கை அப்படியே நின்றது.

நம் கையில் உள்ள கணக்கு

அதன்பின் நடந்ததைச் சுருக்கமாகக் காண்போம். 1953இல் வந்த வாரிசுச் சொத்து வரி 1985இல் ஒழிக்கப்பட்டது. 1957இல் வந்த செல்வ வரி 2015இல் கைவிடப்பட்டது. 2019இல் பெருநிறுவனங்களுக்கான அடிப்படை வரிவீதம் 30 விழுக்காட்டிலிருந்து 22 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. மறுபுறம், 2017 முதல் ஜி.எஸ்.டி. சோப்புக்கும் செருப்புக்கும் ஒரே வீதத்தில் எல்லோரிடமும் வசூலிக்கப்படுகிறது. சாக்கடை அள்ளும் தொழிலாளி கடைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் வரி கட்டுகிறார். அதற்கு ரசீதை நீட்டிப் பெருமை பேசும் வாய்ப்புதான் அவருக்கு இல்லை.

பட்டியலின மக்களுக்கான சிறப்புக்கூறுத் திட்டம் 1979 முதல் நடைமுறையில் இருக்கிறது. மக்கள்தொகை விகிதத்திற்கேற்ப நிதி ஒதுக்கவேண்டும் என்பதே அதன் அடிப்படை. அந்நிதி செலவாகாமல் திரும்புவதையும் பொதுச் செலவுகளுக்குத் திருப்பிவிடப்படுவதையும் எதிர்த்து நம் இயக்கங்கள் தொடர்ந்து போராடி வருகின்றன. அப்போராட்டம் 1927இன் தொடர்ச்சிதான்.

ஆகவே, உதவித்தொகை படிவத்தை நிரப்பும் மாணவர் தலைகுனியத் தேவையில்லை. தலைமுறை தலைமுறையாகக் கூலியில்லா உழைப்பாகவும், வாங்கும் ஒவ்வொரு பொருளின் விலையிலும் அவர் குடும்பம் வரி கட்டியிருக்கிறது. நிதிநிலை அறிக்கை வெளியாகும் நாளில் அதை நாம் அச்சமின்றி வாசிக்கப் பழகவேண்டும். யாரிடம் எடுக்கப்பட்டது, யாருக்குக் கொடுக்கப்பட்டது, யார் முடிவுசெய்தார் என்ற மூன்று கேள்விகளையும் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கத்தையும் புரட்டவேண்டும். அண்ணல் பொது நிதியைப் படித்தது பட்டத்திற்காக மட்டுமன்று. நாமும் அப்படிக் கேட்பதற்காகவே.