காற்றின் ஈரத்தை அளந்தவர்

குளிர்சாதனத்தைக் கண்டவர் மனிதரின் வியர்வையைப் போக்கவே கண்டார் என்றுதான் நம்மில் பலர் எண்ணுகிறோம். வில்லிஸ் கேரியரின் வரலாறோ வேறு கதை சொல்கிறது. அவர் முதலில் இரங்கியது மனிதருக்காக அன்று, காகிதத்திற்காக!

அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்து அங்கோலா என்னும் சிற்றூரில் 1876 நவம்பர் 26 அன்று பிறந்தார் கேரியர். சிறுவயதில் அவருக்குப் பின்னக் கணக்கு விளங்கவில்லை. அன்னையார் ஆப்பிள்களை அரை, கால், அரைக்கால் என நறுக்கிக் காட்டிப் புரியவைத்தாராம். (கணிதப் பேராசிரியர்கள் மன்னிக்க; ஆப்பிள் விலை வேறு!) கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1901இல் பட்டம் பெற்று, வாரம் 10 டாலர் ஊதியத்தில் பஃபலோ ஃபோர்ஜ் நிறுவனத்தில் பொறியாளரானார்.

மறு ஆண்டே சோதனை வந்தது. புரூக்ளின் நகரத்து அச்சகம் ஒன்றில் வண்ணப் படங்கள் பாழாயின. ஒவ்வொரு வண்ணமும் தனித்தனியே அச்சாக வேண்டும். அதற்குள் கோடைக் காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தாள் விரியும், வறண்டால் சுருங்கும். வண்ணங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் விலகும். குளிர்ந்த குழாய்களின்மேல் காற்றைச் செலுத்தி, ஈரத்தை வடித்து, ஒப்பு ஈரப்பதத்தை 55 விழுக்காட்டில் நிறுத்தத் திட்டம் வகுத்தார் அந்த 25 வயது இளைஞர். வரைபடத்தின் தேதி 1902 ஜூலை 17.

அவருக்கு அது போதவில்லை. அவ்வாண்டே பிட்ஸ்பர்க் இரயில் நிலையத்தில், மூடுபனியினூடே நின்றபோது ஓர் எண்ணம் பிறந்தது. பனிமூட்டக் காற்று ஈரத்தால் நிறைவுற்றது. ஆனால் குளிர்ந்த காற்றாதலால் அதில் உள்ள நீர் சொற்பமே. குளிர்நீர்த் தூவலினூடே காற்றைச் செலுத்தினால், மிகை ஈரம் அத்துளிகளிலேயே படிந்துவிடும். பிறகு சற்றே சூடாக்கினால் வேண்டிய ஈரப்பதம் கிட்டும். நீரைத் தெளித்தே காற்றை உலர்த்துவது! இதைப் படித்தபோது நான் வியந்துபோனேன். 1906இல் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

வெப்பநிலை, ஈரப்பதம், பனிநிலை ஆகியவற்றின் உறவைச் சூத்திரங்களாக்கி 1911இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தில் அவர் படித்த கட்டுரையே என் கணிப்பில் அவருடைய தலையாய சாதனை. நம் பௌதிகச் சோதனைச்சாலையில் ஈரக்குமிழ், உலர்குமிழ் வெப்பமானிகளைப் பார்த்துக் கணக்கிடுவோர் அதன் அருமையை அறிவர்.

செலவைக் குறைக்க விரும்பிய நிறுவனம் இப்பணியைக் கைவிட முற்பட்டது. கேரியரும் அறுவரும் வெளியேறி 1915இல் சொந்த நிறுவனம் தொடங்கினர். 1925 மே இறுதியில் நியூயார்க் ரிவோலி திரையரங்கில் அவர்களின் எந்திரம் ஓடியது. மக்கள் கைவிசிறிகளோடு வந்திருந்தனர். குளிர் பரவத் தாமதமாயிற்று. கேரியர் கலங்கி நின்றார். மெல்ல மெல்ல விசிறிகள் ஒவ்வொன்றாய் ஓய்ந்தன.

வீடுகளுக்கான கருவியையும் 1928இல் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டே தொடங்கிய பொருளாதார மந்தம் அதனை முடக்கிற்று. 1950 அக்டோபர் 7 அன்று அவர் மறைந்தபோது, பெரும்பாலான அமெரிக்க வீடுகளில் குளிர்சாதனம் நுழைந்திருக்கவில்லை.