பெஞ்சமின் பிராங்க்ளின்: குறிப்பேட்டில் இடம்பெறாத பிழை

பாஸ்டன் நகரில் சோப்பு, மெழுகுவர்த்தி செய்பவரின் மகனாக 1706-ல் பிறந்த பெஞ்சமின் பிராங்க்ளினுக்குப் பள்ளிப் படிப்பு இரண்டே ஆண்டுகள்தான். 12 வயதில் அண்ணனின் அச்சகத்தில் தொழில் பழகினார். அங்கே புலால் உண்பதை விட்டு, உணவுச் செலவில் மிச்சம் பிடித்த காசில் நூல்கள் வாங்கினார். பின்னாளில் சிக்கனம் உட்பட 13 நற்குணங்களைக் குறிப்பேட்டில் எழுதி, தவறிய இடங்களில் கரும்புள்ளி வைத்துத் தம்மைத் திருத்திக்கொள்ள முயன்றார். 42 வயதிலேயே தொழிலிலிருந்து ஓய்வுபெறும் அளவுக்குச் செல்வம் சேர்ந்தது.

1776-ல் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட அவரே வீட்டில் அடிமைகளை வைத்திருந்தவர். அடிமை விற்பனை விளம்பரங்களும் அவரது பத்திரிகையில் வெளியாகின. அந்தப் பிழைக்குக் குறிப்பேட்டில் புள்ளி இல்லை. மெல்லத்தான் மனம் மாறினார். 1787-ல் பென்சில்வேனியா அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானார். அடிமை முறையை ஒழிக்கக் கோரி 1790 பிப்ரவரியில் அவர் கையெழுத்திட்ட மனு அமெரிக்க நாடாளுமன்றத்துக்குச் சென்றது. தனக்கு அதிகாரமில்லை என்று அவை மார்ச்சில் கைவிரித்தது. ஏப்ரல் 17-ல், 84 வயதில் பிராங்க்ளின் காலமானார்.