கால்பந்துக்குச் சட்டம் எழுதிய வக்கீல்

போன வருஷம் டிபார்ட்மென்ட் மேட்ச்சில் முன்னங்கால் எலும்பில் ஓர் உதை வாங்கினேன். பத்து நாள் லேத் முன்னால் நிற்க முடியவில்லை. ஒர்க்ஷாப்பில் இரண்டு ஜாப் பாக்கி! கட்டிலில் படுத்தபடி விளையாட்டுப் புத்தகங்களைப் புரட்டியபோதுதான் எபினேசர் காப் மார்லி எனக்கு அறிமுகமானார். அந்த உதைக்கு அன்றைக்கே தடை போட வைத்த மனுஷர்!

1831-ல் இங்கிலாந்தின் ஹல் நகரில் பிறந்தவர். வக்கீலாகி, லண்டனை ஒட்டிய பார்ன்ஸில் குடியேறினார். அங்குள்ள கால்பந்து கிளப்புக்குக் கேப்டனாகவும் இருந்தார்.

அப்போது பள்ளிக்கொரு விதி, கிளப்புக்கொரு விதி. ஓரிடத்தில் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடலாம். இன்னோர் இடத்தில் கூடாது. இரண்டு டீம் சந்தித்தால் எந்த விதிப்படி ஆடுவது?

1863 அக்டோபர் 26 அன்று லண்டன் ஃப்ரீமேசன்ஸ் விடுதியில் பல கிளப்புகள் கூடின. கால்பந்து சங்கம் பிறந்தது. 32 வயது மார்லி அதன் முதல் செயலாளர். விதிகளை எழுதும் பொறுப்பும் அவருக்கே.

முதல் வரைவில், பந்தோடு ஓடுபவரின் காலை உதைக்கும் 'ஹேக்கிங்' இருந்தது. பின்னால் அதை நீக்கியே ஆகவேண்டும் என்று மார்லி வாதாடினார். அது இருந்தால் விவரம் தெரிந்த பெரியவர்கள் யாரும் ஆட வரமாட்டார்கள், பள்ளிப் பையன்களோடு ஆட்டம் நின்றுவிடும் என்பது அவர் கட்சி. நியாயம்தானே? காலை உடைத்துக்கொண்டால் மறுநாள் வேலைக்கு யார் போவது? பிளாக்ஹீத் கிளப் மட்டும் கோபித்துக்கொண்டு வெளியேறியது. 1871-ல் ரக்பி சங்கத்தைத் தொடங்கியவர்களில் அவர்களும் உண்டு.

டிசம்பர் 8-ல் 13 விதிகள் நிறைவேறின. கோல் கம்பங்களுக்கு நடுவே 8 கெஜம்; மேலே குறுக்குக் கம்பம் கிடையாது. கோல்கீப்பர், ரெஃப்ரி பற்றி ஒரு வார்த்தை இல்லை. பந்தைக் கையால் பிடிக்கலாம், தூக்கிக்கொண்டு ஓடக்கூடாது. பூட்ஸில் ஆணி துருத்தக்கூடாது. அந்த டிசம்பர் 19-ல் பார்ன்ஸும் ரிச்மண்டும் புது விதிப்படி மோதின. கோலே விழவில்லை!

1867 முதல் 1874 வரை சங்கத் தலைவராக இருந்த மார்லி, 1924-ல் 93 வயதில் காலமானார்.

டாலரன்ஸ் போடாத டிராயிங்கை வைத்து ஆளுக்கொரு பார்ட் செய்தால் அசெம்பிளியில் பொருந்துமா? விதி இல்லாத ஆட்டமும் அப்படித்தான். இந்த வருஷமும் டிபார்ட்மென்ட் மேட்ச் வரும். பந்தை உதைப்போம் தோழர்களே, காலை அல்ல!