கழற்றிப் பார்த்த கை
(ஜி.டி. நாயுடு வாழ்விலிருந்து நமக்கு ஒரு பாடம்)



எடிசன், ஃபோர்டு என்று அயல்நாட்டு மேதைகளைத் தேடிப் போகிறோம். நம்ம தமிழ் மண்ணிலேயே, மூன்றாம் வகுப்பு வரைக்கும் மட்டும் படித்துவிட்டு, உலகமே திரும்பிப் பார்க்கும்படி வாழ்ந்த ஒருவர் இருந்தார். அவர்தான் கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு. கோபால்சாமி துரைசாமி நாயுடு என்பது முழுப்பெயர். டிப்ளமா படிக்கிற நாம் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை அவருடையது.

1893 மார்ச் 23 அன்று கோவைக்குப் பக்கத்தில் கலங்கல் என்ற கிராமத்தில் பிறந்தார். தாயைக் குழந்தைப் பருவத்திலேயே இழந்தவர். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. வாத்தியார்களுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். படிப்பு நின்றது. தோட்டத்தில் வேலை.

ஒரு நாள் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் அந்தப் பக்கம் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் இல்லாமல், மிதிப்பதும் இல்லாமல் ஒரு வண்டி தானாக ஓடுவதை அந்தக் கிராமத்துப் பையன் கண்கொட்டாமல் பார்த்தான். அந்த வண்டியை எப்படியாவது சொந்தமாக்கிவிட வேண்டும் என்ற வெறி பிடித்துக்கொண்டது. கோவைக்குப் போய் ஒரு ஓட்டலில் சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். சில வருடங்கள் காசு காசாகச் சேர்த்தார். கடைசியில் ரட்ஜ் என்ற ஆங்கிலேயத் தயாரிப்பு மோட்டார் சைக்கிளை வாங்கியே விட்டார்.

வாங்கிய பிறகு என்ன செய்தார் தெரியுமா? ஊர் சுற்றக் கிளம்பவில்லை. வண்டியைப் பாகம் பாகமாகக் கழற்றினார். மறுபடி பூட்டினார். எந்தப் பாகம் எதற்காக இருக்கிறது என்பதை அந்த வண்டியிடமே கேட்டுக் கற்றுக்கொண்டார். இதுதான் அவர் படித்த பாலிடெக்னிக்!

நண்பர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். அந்தக் காலத்து மோட்டார் சைக்கிளில் தீப்பொறிக்கு பேட்டரி கிடையாது. மேக்னெட்டோதான். காந்தத்துக்கு நடுவில் சுருள் சுற்றும். பாயின்ட் சரியான நேரத்தில் பிரியும். அந்த நொடியில் பிளக்கில் பொறி பறக்கும். 1831-ல் ஃபாரடே கண்டுபிடித்த மின்தூண்டல் தத்துவம்தான் அதற்குள் இருக்கிறது. ஜெர்மனியில் பாஷ் கம்பெனி 1902-ல்தான் உயர் அழுத்த மேக்னெட்டோவையே கொண்டு வந்தது. அது வந்து ரொம்ப நாள் ஆகாத காலத்தில், ஆங்கிலமும் தெரியாமல், புத்தகமும் இல்லாமல், நம்ம ஊர் இளைஞர் ஒருவர் இப்படிப்பட்ட ஒரு வண்டியைப் பிரித்துப் போட்டுப் பூட்டியிருக்கிறார் என்றால் சும்மாவா?

கழற்றிப் பார்ப்பது என்றால் கண்டதையும் கழற்றுவது என்று அர்த்தம் இல்லை. இதை நான் புரிந்துகொண்டது எங்க ராயபுரத்து மெக்கானிக் அண்ணன் பட்டறையில். காசிமேட்டு மீன் வியாபாரி ஒருவருடைய பழைய ஆறு வோல்ட் புல்லட் அங்கே வந்தது. ஹாரனை அழுத்தினால் லைட் மங்கும். மேடு பள்ளத்தில் இறங்கினால் இன்ஜின் நின்றுவிடும். விடியற்காலை ஏலத்துக்குப் போகாவிட்டால் அவருக்கு அன்றைய பிழைப்பே போச்சு. ஏற்கெனவே பிளக், கன்டென்சர், காயில் என்று ஒவ்வொன்றாகப் புதுப்பேட்டையில் வாங்கி மாற்றியாகிவிட்டது. பணம் போனது; நோய் போகவில்லை.

அண்ணன் என் கையில் ஒரு ஹெட்லைட் பல்பையும் இரண்டு ஒயரையும் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்த்தார். மீட்டர் வைத்துப் பார்த்தேன். பேட்டரியில் ஆறு வோல்ட், காயிலிலும் ஆறு வோல்ட். எல்லாம் சரி போலத்தான் இருந்தது. ஆனால் மீட்டர் இழுக்கும் கரன்ட் மிகவும் குறைவு. அது கெட்ட இணைப்பையும் நல்ல இணைப்பாகக் காட்டிவிடும். முப்பது வாட் பல்பு அப்படி ஏமாறாது. ஆறு வோல்ட்டில் அது ஐந்து ஆம்பியர் கேட்கும். பல்பின் ஒரு முனையை சேஸிஸில் வைத்து, மறுமுனையைக் காயிலில் தொட்டேன், மங்கல். இக்னிஷன் சுவிட்ச், மங்கல். ஆம்மீட்டர், மங்கல். பேட்டரியின் முனையிலேயே தொட்டேன், அங்கேயும் மங்கல்! சேஸிஸில் இருந்த முனையை எடுத்து பேட்டரியின் எர்த் முனையில் வைத்தேன். பளிச்!

அப்புறம் என்ன, விஷயம் வெட்ட வெளிச்சம். பேட்டரி நல்லது. கரன்ட் போகிற வழி நல்லது. திரும்பி வருகிற வழிதான் கெட்டது. பேட்டரியிலிருந்து சேஸிஸுக்குப் போகும் எர்த் ஒயரின் போல்ட்டைக் கழற்றினால், உள்ளே பச்சைப் பாசி போல் களிம்பு. கடல் காற்றும் மீன் தண்ணீரும் சேர்ந்து செய்த வேலை. எமரி பேப்பரால் தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவினோம். செலவு என்று பார்த்தால் எமரித் தாள் ஒன்றுதான்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இன்னும் சுவாரசியம். அந்த இணைப்பில் 0.2 ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து ஆம்பியர் ஓடினால் ஒரு வோல்ட் அங்கேயே காலி. ஆறில் ஒரு பங்கு போச்சு! அதே முப்பது வாட் பல்பு பன்னிரண்டு வோல்ட் வண்டியில் இருந்தால் இரண்டரை ஆம்பியர்தான். அரை வோல்ட்தான் நஷ்டம். இருபத்து நாலில் ஒரு பங்கு. பழைய வண்டிகளில் எர்த் சுத்தமாக இருக்க வேண்டும் என்று பெரியவர்கள் அடித்துக்கொள்வது இதனால்தான். வகுப்பில் மனப்பாடம் செய்த ஓம் விதி எனக்கு முழுசாக விளங்கியது அன்றைக்குத்தான்.

சரி, நாயுடுவிடம் வருவோம். மெக்கானிக்காக இருந்தார். பிறகு பருத்தித் தொழிலில் இறங்கினார், கையைச் சுட்டுக்கொண்டார். ஆனாலும் உட்கார்ந்துவிடவில்லை. 1920-ல், கோவையில் தொழில் நடத்திய ஸ்டேன்ஸ் துரையின் ஆதரவோடு ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அந்த ஒரே பஸ் பிற்பாடு யு.எம்.எஸ். என்ற பெரிய பஸ் கம்பெனியாக வளர்ந்தது.

வெளிநாடுகளுக்குப் போனார். அங்கேயும் பார்த்ததையெல்லாம் நோண்டினார். ரசன்ட் என்ற மின்சார சவர ரேஸர், மிக மெல்லிய பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் ஃபேன், முறைகேடு செய்ய முடியாத ஓட்டுப்பதிவு இயந்திரம் என்று பட்டியல் நீள்கிறது. 1937-ல் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து பீளமேட்டில் மின்சார மோட்டார் தயாரித்தார். இந்தியாவில் உருவான முதல் மின்மோட்டார் என்று அதைச் சொல்கிறார்கள். கோவை இன்று பம்புக்கும் மோட்டாருக்கும் பேர்போன ஊராக இருப்பதற்கு அது ஒரு விதை. 1941-ல் ஐந்து வால்வு ரேடியோவை எழுபது ரூபாய்க்குத் தர முடியும் என்று காட்டினார்.

1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் தொடங்கக் காரணமாக இருந்தார். இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி அந்தக் கல்லூரியின் வழிவந்ததுதான். மூன்றாம் வகுப்பு படித்தவர் பொறியியல் கல்லூரிக்கு முதல்வரானார்! நாலு வருடப் படிப்பு வீண், விடுமுறையைக் குறைத்து, பயிற்சியைக் கூட்டினால் இரண்டே வருடம் போதும் என்பது அவர் கட்சி. அரசாங்கம் ஏற்கவில்லை. பதவியைத் தூக்கிப் போட்டுவிட்டு வெளியேறினார்.

1952-ல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் காரை வெறும் இரண்டாயிரம் ரூபாய்க்குத் தர முன்வந்தார். அரசாங்கம் உற்பத்தி உரிமம் தரவில்லை. அதற்கு மூன்றே வருடம் கழித்து, 1955-ல், நம்ம திருவொற்றியூரில் கால் ஊன்றப் போகும் என்ஃபீல்டு இந்தியா கம்பெனி பிறந்தது. மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்துக் கம்பெனியும் கைகோத்தன. இங்கிலாந்து டிசைன் புல்லட் நம்ம ஊரில் உருவாக ஆரம்பித்தது. அந்தத் தொழிற்சாலையால் வடசென்னையில் எத்தனையோ குடும்பங்களில் அடுப்பு எரிந்தது; அதில் எனக்கும் பெருமைதான். ஆனாலும் கோவைக்காரரின் சின்னக் கார் ரோட்டுக்கு வராமலே போனது என்று நினைக்கும்போது மனசு கனக்கத்தான் செய்கிறது.

அவர் சொன்னதையெல்லாம் அப்படியே ஏற்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஓம் விதி தெரியாமல் போயிருந்தால் அந்த எர்த் ஒயர் ஏன் அவ்வளவு முக்கியம் என்று எனக்கு விளங்கியிருக்காது. படிப்பு வேண்டும். ஆனால் அந்தப் பல்பைக் கையில் எடுக்காமல் போயிருந்தால் ஓம் விதி நோட்டுப் புத்தகத்திலேயே தூங்கியிருக்கும். கையும் வேண்டும். லேப் வகுப்பில் ரீடிங்கைப் பக்கத்துப் பையனிடம் காப்பியடித்து, ரெக்கார்டு நோட்டில் கலர் பேனாவால் கோடு போடுகிற நமக்கு, நாயுடு வைத்த குற்றச்சாட்டு இன்றும் பொருந்துகிறதா இல்லையா? நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள்.

1974 ஜனவரி 4 அன்று நாயுடு மறைந்தார். அவர் சேர்த்துவைத்த கருவிகள் கோவை அவிநாசி சாலைக் கண்காட்சியில் இருக்கின்றன. டூர் போகிறவர்கள் ஊட்டிக்கு ஏறும் முன்னால் அங்கே ஒரு மணி நேரம் இறங்கிப் பாருங்கள். அப்புறம் ஊருக்குத் திரும்பியதும், வீட்டில் மூலையில் கிடக்கிற பழைய ஃபேனையோ மிக்ஸியையோ, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, திறந்து பாருங்கள். எந்த ஸ்குரூ எங்கேயிருந்து வந்தது என்று வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள். பூட்டி ஓடவிட்ட பிறகுதான் வேலை முடிந்தது என்று அர்த்தம்!