தலையில் தையலோடு இருந்த டிஃபெண்டரை கோல் போட அனுப்பிய கோச்... யார் இந்த எஸ்.ஏ.ரஹீம்?

1962 செப்டம்பர் 4. ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டியின் கால்பந்து ஃபைனல். இந்தியாவுக்கு எதிரே தென் கொரியா. இதே தொடரின் முதல் ஆட்டத்தில் இந்தியாவை 2-0 என்று அடித்த அதே அணி.

இந்திய அணியின் நிலைமை அன்றைக்கு அவ்வளவு நன்றாக இல்லை. அணியின் மிகச் சிறந்த டிஃபெண்டர் ஜர்னைல் சிங்குக்கு தலையில் அடிபட்டு தையல் போட்டிருந்தது. கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ் அப்போதுதான் காய்ச்சலில் இருந்து தேறியிருந்தார். மைதானத்தில் சுமார் 1 லட்சம் பேர். அவர்களில் பெரும்பாலோர் இந்தியா தோற்க வேண்டும் என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

அடிபட்ட டிஃபெண்டரை என்ன செய்வது? ஒன்று, வெளியே உட்கார வைக்கலாம். இல்லையென்றால் ரிஸ்க் எடுத்து பின்வரிசையிலேயே நிறுத்தலாம். இந்திய கோச் இந்த இரண்டையும் செய்யவில்லை. ஜர்னைலை சென்டர் ஃபார்வர்டாக முன்னால் அனுப்பினார்.

அந்த கோச்தான் சையத் அப்துல் ரஹீம். இந்தியா இதுவரை ஆசிய விளையாட்டு கால்பந்தில் வென்றது இரண்டே தங்கம். இரண்டும் அவர் கோச்சாக இருந்தபோது வந்தவை.

வாத்தியார் வேலையிலிருந்து கால்பந்துக்கு

1909 ஆகஸ்ட் 17-ம் தேதி ஹைதராபாத்தில் பிறந்தவர் ரஹீம். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்தார், அங்கேயே கால்பந்தும் ஆடினார். படிப்பு முடிந்ததும் பள்ளி ஆசிரியரானார். அதனால்தான் கடைசி வரை எல்லோருக்கும் அவர் 'ரஹீம் சாப்'. கத்தி மிரட்டும் கோச் இல்லை, பாடம் நடத்தும் வாத்தியார்.

1943-ல் ஹைதராபாத் கால்பந்து சங்கத்தின் செயலாளரானார். இறக்கும் வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். 1950-ல் ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணியின் கோச்சிங் அவர் கைக்கு வந்தது. அந்தக் காலத்தில் இந்தியக் கால்பந்து என்றாலே கொல்கத்தாதான். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் பெயரைக் கேட்டாலே மற்ற ஊர் அணிகளுக்கு உதறல். ஆனால் மும்பையில் நடக்கும் ரோவர்ஸ் கோப்பையை ரஹீமின் போலீஸ்காரர்கள் 1950 முதல் 1954 வரை வரிசையாக 5 முறை தூக்கினார்கள்.

எப்படி முடிந்தது? அதற்கு அவர் உள்ளூரில் நடத்திய விசித்திரமான போட்டிகளைப் பார்க்க வேண்டும். ஒன்றில் டிரிப்ளிங்கே கூடாது. பந்தைக் காலில் வைத்துக்கொண்டு ஆளாளாக ஏமாற்றி ஓடும் வேலை கிடையாது, வாங்கினால் உடனே பாஸ் கொடுக்கணும். இன்னொன்றில் பலவீனமான காலால் மட்டும்தான் ஆடணும். வலது கால் பழக்கம் என்றால் இடது கால், அவ்வளவுதான்.

விளையாட்டாகத் தோன்றும். ஆனால் இதில் ஒரு கணக்கு இருந்தது. டிரிப்ளிங் இல்லை என்றால், பந்து வருவதற்கு முன்பே யார் எங்கே நிற்கிறார் என்று தலையைத் தூக்கிப் பார்த்தாக வேண்டும். இரண்டு காலும் பழகிவிட்டால், பந்து எந்தப் பக்கம் போகும் என்பதை எதிராளியால் முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியாது.

அந்த தந்திரம் என்ன?

ரொம்ப சிம்பிளாகப் புரிந்துகொள்ளலாம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் ராத்திரி டர்ஃப் மைதானத்தில் ஃபைவ்ஸ் ஆடுகிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். உங்களிடம் பந்து இருக்கிறது, பக்கத்தில் உங்கள் நண்பர் ஓடி வருகிறார், எதிரே ஒரே ஒரு டிஃபெண்டர். அவர் உங்களை நோக்கி வந்தால் நண்பருக்குப் பாஸ். நண்பரை மறைத்து நின்றால் நீங்களே பந்தோடு ஓடலாம். அவர் எதைத் தேர்ந்தெடுத்தாலும் அது தப்பாகத்தான் முடியும்.

இதில் முக்கியமான விஷயம், நீங்கள் முதலிலேயே முடிவெடுத்து வைத்துக்கொள்ளக் கூடாது. முதலில் அவரை முடிவெடுக்க வைக்க வேண்டும். அவருடைய கால் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்த பிறகுதான் உங்கள் முடிவு. அவசரப்பட்டு முன்னாடியே பாஸ் கொடுத்துவிட்டால் தந்திரம் அங்கேயே செத்துவிடும்.

அமெரிக்காவின் கல்லூரி ஃபுட்பாலில், அதாவது கையால் பந்தைப் பிடித்து ஆடும் அவர்கள் ஊர் ஃபுட்பாலில், இதையே ஒரு முறையாக்கி வைத்திருக்கிறார்கள். பெயர் 'ரன்-பாஸ் ஆப்ஷன்', சுருக்கமாக ஆர்பிஓ. பந்தை வைத்திருக்கும் குவார்ட்டர்பேக், எதிரணியில் குறிப்பிட்ட ஒருவரை மட்டும் கவனிப்பார். ஓட்டத்தைத் தடுக்க அந்த ஆள் முன்னால் வந்தால், அவர் விட்டுவிட்டு வந்த இடத்துக்குப் பந்தை வீசுவார். அந்த ஆள் பின்வாங்கினால், பக்கத்தில் இருக்கும் ஓட்டக்காரர் கையில் பந்தைக் கொடுத்துவிடுவார். ஒரே ஆட்டத்துக்குள் இரண்டு திட்டம். எதை ஆடுவது என்று முடிவாகும் நேரம் ஒரு நொடி, அல்லது அதற்கும் குறைவு.

நம்ம கால்பந்தில் இந்த எண்ணத்தை உலகமே பார்க்கும்படி செய்து காட்டியது ஹங்கேரி. 1953-ல் லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் இங்கிலாந்தை 6-3 என்று துவைத்து எடுத்தார்கள். அவர்களுடைய சென்டர் ஃபார்வர்டு ஹிடெகுட்டி முன்னால் நிற்காமல் நடுக்களத்துக்கு இறங்கி நின்றார். அவரை மார்க் பண்ண வேண்டிய இங்கிலாந்து டிஃபெண்டருக்குக் குழப்பம். பின்னாலேயே போனால் கோல் முன்னால் பெரிய ஓட்டை விழும். போகாவிட்டால் ஹிடெகுட்டி தனியாக நின்று ஆட்டத்தையே நடத்துவார். ஹிடெகுட்டி அன்றைக்கு 3 கோல் போட்டார்.

ஐரோப்பாவில் நடந்த இந்த மாற்றங்களை ஹைதராபாத்தில் இருந்தபடியே உன்னிப்பாகக் கவனித்தவர் ரஹீம். அவற்றை இந்திய அணிக்கும் கொண்டுவந்தார்.

10-1 தோல்வியிலிருந்து ஒலிம்பிக் அரையிறுதி வரை

ரஹீமுக்கு எல்லாமே வெற்றியாக அமைந்துவிடவில்லை. 1951-ல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் ஈரானை 1-0 என வென்று இந்தியா தங்கம் வாங்கியது. அடுத்த வருஷமே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று அடி வாங்கியது. அந்தக் குளிரிலும் நம் வீரர்கள் பலர் வெறுங்காலில் ஆடினார்கள். அந்தத் தோல்விக்குப் பிறகுதான் பூட்ஸ் கட்டாயம் என்ற விதி இந்தியாவில் வந்தது.

நான்கு வருஷம் கழித்து மெல்போர்ன் ஒலிம்பிக். போட்டியை நடத்திய ஆஸ்திரேலியாவை இந்தியா 4-2 என வீழ்த்தியது. நெவில் டிசோசா ஹாட்ரிக் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தில் ஹாட்ரிக் அடித்த முதல் ஆசியர் அவர்தான். அரையிறுதியில் யூகோஸ்லாவியாவிடம் 4-1 எனத் தோற்று, கடைசியில் நான்காம் இடம். ஒலிம்பிக் கால்பந்து அரையிறுதிக்குப் போன முதல் ஆசிய அணி இந்தியா.

1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியா முதல் சுற்றைத் தாண்டவில்லை. ஆனாலும் பிரான்ஸுடன் 1-1 டிரா செய்தது, ஹங்கேரியிடம் 2-1 என்ற கணக்கில்தான் தோற்றது. எட்டு வருஷத்துக்கு முன் 10 கோல் வாங்கிய அணி இது என்று நம்பவே முடியாது.

ரஹீம் அணியின் தமிழ் முகங்கள்

இந்த அணிகளில் நம்ம ஆட்களின் பங்கு பெரியது. செகந்திராபாத் பக்கம் அம்முகுடாவில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் துளசிதாஸ் பலராம். ஹங்கேரிக்கு எதிராக ரோமில் இந்தியாவின் கோலை அடித்தவர் அவர்தான். பீட்டர் தங்கராஜ் ஹைதராபாத்தில் பிறந்து, ராணுவத்தில் சேர்ந்து, மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர் அணிக்காக ஆடியவர். ஆரம்பத்தில் ஃபார்வர்டு, பிறகுதான் கோல்கீப்பரானார். பி.கே.பானர்ஜி, சுனி கோஸ்வாமி, பலராம் மூவரும் சேர்ந்தால் இந்தியக் கால்பந்தின் மும்மூர்த்திகள் என்பார்கள்.

இந்த மூவரில் யார் பந்தோடு வந்தாலும் மற்ற இருவர் எங்கே ஓடுவார்கள் என்று எதிரணிக்குத் தெரியாது. ரஹீமுக்கு வேண்டியது அதுதான்.

ஜகார்த்தாவில் என்ன நடந்தது?

1962-க்கு வருவோம். இஸ்ரேல், தைவான் வீரர்களுக்கு இந்தோனேசியா விசா கொடுக்கவில்லை. அதைக் கண்டித்துப் பேசியவர் இந்தியாவைச் சேர்ந்த ஒலிம்பிக் கமிட்டி உறுப்பினர் குரு தத் சோந்தி. கோபம் மொத்தமும் இந்தியா மீது திரும்பியது. ஃபைனலுக்கு முந்தைய நாள் ஜகார்த்தாவில் இந்தியத் தூதரகத்தையே ஒரு கூட்டம் தாக்கியது. இந்திய வீரர்கள் எங்கே போனாலும் எதிர்ப்பு.

களத்திலும் சிக்கல். கொரியாவிடம் தோற்ற பிறகு தாய்லாந்தை 4-1, ஜப்பானை 2-0 என இந்தியா வென்றது. ஆனால் தாய்லாந்து ஆட்டத்தில்தான் ஜர்னைலுக்குத் தலையில் அடி. தையல் போட்ட தலையோடு பின்வரிசையில் நின்று, உயரமாக வரும் பந்துகளை முட்டித் தள்ளுவது ஆபத்து.

ரஹீம் அரையிறுதியிலேயே மாற்றத்தைச் செய்துவிட்டார். பின்வரிசைக்கு அருண் கோஷ் தலைமை. ஜர்னைல் முன்வரிசையில். தெற்கு வியட்நாமுக்கு எதிராக ஜர்னைல் கோலும் போட்டார். இந்தியா 3-2 என வென்றது.

ஃபைனலில் கொரியர்களுக்கு இப்போது அதே பழைய குழப்பம். அவர்கள் தயாராகி வந்தது பி.கே., சுனி, பலராம் மூவரையும் தடுக்க. நடுவில் திடீரென்று மலை மாதிரி ஒருத்தர் நிற்கிறார். அவரைப் பிடிக்க ஆள் போட்டால் மும்மூர்த்திகளில் ஒருவருக்கு இடம் கிடைக்கும். மும்மூர்த்திகளைப் பிடித்தால் ஜர்னைல் தனியாக நிற்பார்.

17-வது நிமிஷம் பி.கே.பானர்ஜி கோல். 20-வது நிமிஷம் ஜர்னைல் சிங் கோல். மூன்றே நிமிஷத்தில் 2-0. கோல்கீப்பர் விஷயத்திலும் ரஹீம் கணக்கு தப்பவில்லை. முந்தைய ஆட்டங்களில் பிரத்யுத் பர்மன் நின்ற இடத்தில், கொரியர்களின் உயரப் பந்துகளைச் சமாளிக்க நெடிய தங்கராஜை இறக்கினார். கொரியாவால் 85-வது நிமிஷத்தில்தான் ஒரு கோல் திருப்ப முடிந்தது. 2-1, தங்கம்.

அந்த 1 லட்சம் பேரின் கூச்சலுக்கு நடுவே இந்தியாவுக்காகக் குரல் கொடுத்தவர்களில் பாகிஸ்தான் ஹாக்கி அணியினரும் உண்டு.

அதன் பிறகு?

ரஹீம் அடுத்த ஆசிய விளையாட்டைப் பார்க்கவில்லை. நுரையீரல் புற்றுநோய் அவரை முடக்கியது. ஜகார்த்தா ஃபைனல் முடிந்து 9 மாதம்தான் ஆகியிருந்தது. 1963 ஜூன் 11-ம் தேதி, 53 வயதில் இறந்தார்.

அவர் மகன் எஸ்.எஸ்.ஹக்கீம் 1960 ஒலிம்பிக் அணியில் இருந்தவர், பின்னாளில் ஃபிஃபா ரெஃப்ரீ. அவர் மாணவர் பி.கே.பானர்ஜி கோச்சாகி, 1970 பாங்காக் ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்கு வெண்கலம் வாங்கிக் கொடுத்தார். ஆசிய விளையாட்டு கால்பந்தில் ஆண்கள் அணிக்குக் கிடைத்த கடைசி பதக்கம் அது. 1960-க்குப் பிறகு இந்தியா ஒலிம்பிக் கால்பந்துக்குத் தகுதி பெறவே இல்லை.

2024-ல் அஜய் தேவ்கன் நடித்த 'மைதான்' படம் வந்தபோதுதான் ரஹீம் என்ற பெயரையே பலர் முதல்முறையாகக் கேள்விப்பட்டார்கள். படம் பார்த்தவர்கள் ஃபைனலை மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்த ஃபைனலுக்கான வேலை ஜகார்த்தாவில் தொடங்கவில்லை. அதற்குப் பல வருஷம் முன்பே ஹைதராபாத் மைதானங்களில், டிரிப்ளிங் இல்லாமல், பழகாத காலால் பசங்களை ஆடவைத்தபோதே தொடங்கிவிட்டது. அங்கே கற்றவர்கள் மைதானத்தில் தலையைத் தூக்கி எதிராளியைப் பார்த்தார்கள். பார்க்கக் கற்றுக்கொடுத்த வாத்தியார் போனபிறகு, அந்த இடத்தில் அவர் அளவுக்கு ஒருவர் வந்து உட்காரவில்லை.