மயக்கமருந்து இல்லாக் காலத்தில்

புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டதுமே வாழ்வு முடிந்துவிட்டது எனக் கலங்குவோர் நம்மிடையே பலர். அவர்கள் ஆங்கில எழுத்தாளர் பிரான்சஸ் பேர்ணி அம்மையாரின் வரலாற்றை அறிவது நல்லது.

1752இல் பிறந்த இவர், இசை அறிஞர் சார்ள்ஸ் பேர்ணியின் மகள். 1778இல் வெளிவந்த எவெலினா என்னும் நாவல் இவருக்குப் பெரும் புகழ் ஈட்டிக் கொடுத்தது. பிரெஞ்சுப் புரட்சியின்போது இங்கிலாந்தில் தஞ்சம் புகுந்த டார்ப்ளே என்னும் கத்தோலிக்கத் தளபதியை 1793இல் மணந்தார். 1802இல் குடும்பம் பரிஸ் சென்றது. போர் மூண்டதால் பத்து ஆண்டுகள் அங்கேயே தங்க நேர்ந்தது.

1810 ஓகஸ்ட் அளவில் மார்பில் சிறு நோவு கண்டது. வைத்தியரிடம் காட்டும்படி கணவர் வற்புறுத்தினார். தானாக மாறிவிடும் என்றெண்ணி அம்மையார் நாட்களைக் கடத்தினார். நோவு வளர்ந்தது. இறுதியில், நெப்போலியனின் படைச் சத்திரவைத்தியரான லாறே உள்ளிட்டோர் புற்றுநோய் எனக் கண்டு, மார்பகத்தை அகற்றத் தீர்மானித்தனர்.

1811 செப்டெம்பர் 30இல், அவரது வீட்டிலேயே சத்திரசிகிச்சை நடந்தது. கறுப்புடை அணிந்த ஏழு பேர் வந்தனர். மயக்கமருந்தின் பயன் உலகறியச் செய்யப்பட்டது 1846இலேயே. இவருக்குக் கிடைத்தது சிறிது மதுபானமும், முகத்தின் மேல் ஒரு மெல்லிய கைக்குட்டையும் மட்டுமே. அதனூடே கத்தியின் பளபளப்பு தெரிந்தது. கணவர் அந்த வேதனையைக் காணலாகாது என்று, அவரை அலுவலகத்திலேயே தாமதிக்கச் செய்யவும் முன்னரே ஒழுங்கு செய்திருந்தார். அனைத்தும் முடிந்தபோது, போர்க்களங்களில் பழகிய லாறேயின் முகமும் வெளிறியிருந்தது.

காயம் ஆறியது, மனம் ஆற நாட்சென்றது. பல மாதங்கள் அதைப்பற்றிப் பேசவே அவரால் இயலவில்லை. 1812இல் தம் சகோதரி எஸ்தருக்கு நீண்ட கடிதம் ஒன்றைச் சிறிது சிறிதாக எழுதி முடித்தார். தம்மைப்போல் எவரும் தாமதிக்கலாகாது எனச் சகோதரிகளையும் அவர்தம் பெண்மக்களையும் எச்சரிப்பதும் அதன் நோக்கமாயிருந்தது.

அதன்பின் அவர் முடங்கிவிடவில்லை. 1815இல் காயமுற்ற கணவரைப் பராமரிக்க, பிரசெல்சிலிருந்து ட்ரியர் நகர்வரை தனியே பயணஞ் செய்தார். 1832இல், எண்பது வயதில், தந்தையின் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். சத்திரசிகிச்சையின்பின் இருபத்தெட்டு ஆண்டுகள் வாழ்ந்து, 1840 ஜனவரி 6இல் காலமானார்.

தாய்மாரே, சகோதரிகளே, உடலில் கட்டியோ நோவோ கண்டால் வெட்கத்தால் மறைக்காதீர்கள். இன்றே வைத்தியரிடம் செல்லுங்கள். வீட்டவர்களே, சிகிச்சை முடித்து வந்தவரைப் பேசும்படி அவசரப்படுத்தாதீர்கள். அவர் பேச முன்வரும் நாளில் பொறுமையோடு செவிகொடுங்கள்.